நாற்பதாம் நாள் கோதுமை

அன்பு மகள் ஸ்டமாத்தியாவுக்கு,

அம்மா கரிஃபலியா எழுதுவது. தீவில் நான் சுகமாகத்தான் இருக்கிறேன். ஏதென்ஸில் உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. போன் செய்தால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இதைச் சரக்குக் கப்பலில் கொடுத்து அனுப்புகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் எவ்வளவு படித்தவள் என்று உனக்குத் தெரியும்.

ஆட்களை ஏற்றும் கப்பல் இன்னும் விடவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன். அதற்குள் நோய் வந்தது, கப்பல் நின்றது, உன் அப்பாவும் போய்விட்டார். அங்கே அடைத்த சவப்பெட்டியோடு நீ ஒருத்தியாக நின்றாய்.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு நாற்பதாம் நாள். தேவாலயம் பூட்டிக் கிடக்கிறது. பாதிரியார் ஜன்னல் வழியாகவே, "நான் மட்டும் உள்ள போய் அவர் பேரைச் சொல்லி ஜெபம் பண்றேன், நீ வராதேம்மா" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கைப்பழக்கம், ஊருக்கே கோதுமை அவித்துவிட்டேன். பாதாமும் திராட்சையும் போட்டுக் கிளறிய பிறகுதான் உறைத்தது, ஊர் கூடுவதற்கே தடை என்று.

சாப்பிடுகிறவர்கள் 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொன்னால்தானே அவருக்குப் போய்ச் சேரும்? பொட்டலம் கட்டி ஒவ்வொரு மதில்மேலும் வைத்தேன். கதவைக் கம்பால் தட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். எல்லா ஜன்னலிலிருந்தும் அந்த வார்த்தை வந்தது. எதிர்வீட்டு மாருசோ மட்டும், "ஏன்டி, சர்க்கரையைக் கண்ணுலயாவது காட்டுனியா? உன் புருஷன் பந்தெலிஸ் இருந்தா தட்டைத் தள்ளிவிட்டிருப்பான்" என்று கத்தினாள். "அந்த மனுசனுக்குச் சர்க்கரை வியாதி, மறந்துட்டியா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கட்டிப்பிடிக்க வழியில்லாமல் நான் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

தினமும் சாயங்காலம் கடலோரப் பாறைக்குப் போகிறேன். இந்த வருஷம் படகும் இல்லை, வெளியூர்க்காரர்களும் இல்லை. கடல்நாய் ஒன்று தைரியமாகக் கரையேறி வெயிலில் கிடக்கிறது. என்னைப் பார்க்கும், கொட்டாவி விடும், தூங்கிவிடும். அது துக்கம் விசாரிப்பதில்லை, தேறுதல் சொல்வதில்லை. அதன் பக்கத்தில்தான் எனக்கு மூச்சு சீராக வருகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே உட்கார்ந்துதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். அது அசையவே இல்லை.

நீ அழுதாயா மகளே? உன் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் செய்து கேட்டேன். "உள்ள ஒரு சத்தமும் இல்லைக்கா, ஜன்னலைக்கூடத் திறக்கறதில்லை" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

கப்பல் விட்டதும் என்னை அங்கே வரச் சொல்கிறாய். வேண்டாம், நீ இங்கே வா. ஒன்றும் பேச வேண்டாம். அவரை எப்படிக் குழியில் இறக்கினார்கள், என்ன சட்டை போட்டிருந்தார் என்று நீயாகச் சொல்லும்வரை நான் கேட்கமாட்டேன். பாறையில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

மாதா உன்னைக் காக்கட்டும். முதல் கப்பலிலேயே ஏறிவிடு. துறைமுகத்தில் போலீஸ்காரன் தள்ளி நிற்கச் சொன்னாலும் நான் நிற்கப்போவதில்லை.

உன் அம்மா,
கரிஃபலியா