மூன்றாம் வரிசை

மார்ச் 3
இந்த நாடகத்தில் எனக்கு வசனமே இல்லை. மேடையின் பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் முன்னால் நடக்கும் இன்னொரு நாடகத்தைப் பார்க்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிடித்து வைத்த பிள்ளையார் வேஷம். ஒரே வசதி, அரங்கில் இருப்பவர்கள் முகமெல்லாம் எனக்கு நேராகத் தெரிகிறது.

மார்ச் 9
அக்கா வந்தாள். மணிக்கட்டில் கட்டு.
"மாடிப்படியில வழுக்கிடுச்சுடி."
போன தடவை குளியலறையில் வழுக்கியது. பக்கத்திலேயே நின்ற அத்தான், "உங்க அக்காவுக்குக் கால் தரையில நிக்காது" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவர் நிறுத்திய பிறகுதான் அவள் நிறுத்தினாள்.

மார்ச் 10
உள்நாடகத்தில் ஒருவன் மனைவியைக் கிணற்றில் தள்ளுகிறான். கிணறு எதற்கு, மாடிப்படி போதுமே என்று டைரக்டரிடம் கேட்டேன். தள்ளியதும் "வழுக்கிட்டா, வழுக்கிட்டா"ன்னு அவன் கத்தணும் என்றேன்.
"வசனமே இல்லாதவ நாடகமே எழுதுறியே" என்றார். ஆனாலும் மாற்றிவிட்டார்.
அந்தக் காட்சியில் அத்தான் முகத்தை நான் பார்க்க வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமலா போகும்?

மார்ச் 21
அக்காவும் அத்தானும் நாடகம் பார்க்க வந்தார்கள். மூன்றாம் வரிசை. படிக்காட்சியில் அவர் முகம் மாறவே இல்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து கவனமாகப் பார்த்தார். அக்கா மேடையையே பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
முடிந்ததும் ஒப்பனை அறைக்கு வந்து பாராட்டினார்.
"நல்லா இருந்துச்சு. ஒரே குறைதான். அவன் உடனே கத்தியிருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிட்டிருந்தா ஒருத்தருக்கும் சந்தேகம் வந்திருக்காது."

மார்ச் 22
குறுகுறுக்கவில்லை. பாடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.
ஐயோ, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்? கொள்ளிக்கட்டையால தலையைச் சொறிஞ்ச கதைதான் — அதுவும் அக்கா தலையை.

மார்ச் 24
இன்று தனியாக வந்தார். அதே இடம்.

மார்ச் 25
மறுபடியும். படிக்காட்சியில் மட்டும் முன்னால் சாய்கிறார்.

மார்ச் 26
அக்கா போன் செய்தாள்.
"மாடிப்படியை அவரே தேய்ச்சு மெழுகு போட்டிருக்காருடி. எங்க வீட்ல ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாதவரு."
"கிளம்பி என் அறைக்கு வந்துடு."
"விடுவாரா?"
"நாளைக்குச் சாயங்காலம் அவர் இங்க நாடகம் பார்த்துட்டு இருப்பாரு. அப்ப வா."

மார்ச் 27
வந்தார். எங்கே பாதியில் எழுந்துவிடுவாரோ என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கடைசிவரை எழவில்லை. நான் அறைக்குப் போனபோது அக்கா கட்டிலில் பையை மடியில் வைத்தபடி இருந்தாள்.

மார்ச் 29
அத்தான் வந்து, அக்கா எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். கதவை விட்டு நகர அவருக்கு மனமில்லை. வீட்டுக்கார அம்மா எட்டிப்பார்த்ததும் போனார்.
"எத்தனை நாளைக்குடி ஒளிஞ்சிருக்கிறது? நாலு பேர் பாக்குற இடத்துல உட்கார்றேன்" என்கிறாள் அக்கா. டைரக்டரிடம் மேடையில் இன்னொரு நாற்காலி கேட்கப் போகிறேன்.

ஏப்ரல் 2
டைரக்டர் மேடையில் இன்னொரு நாற்காலி போட்டார். அக்கா என் பக்கத்தில், கட்டுப் போட்ட கை மடியில்.
படிக்காட்சியில் மற்றவர்கள் எல்லாம் படியைப் பார்த்தார்கள். நாங்கள் இருவரும் மூன்றாம் வரிசையைப் பார்த்தோம். இந்த முறை அவர் முன்னால் சாயவில்லை. எழுந்தார். வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள். வாசலில் ஒருமுறை திரும்பினார். அக்கா அப்போதும் கண்ணை எடுக்கவில்லை.
அறைக்கு வந்ததும் நான் தாழ்ப்பாள் போட்டேன். அக்கா எழுந்து போய் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.