கன்சில் மலையேறிய செய்தி

இயேசு மரி சூசை துணை

புந்தோங், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்புள்ள மகள் ட்ரேசிக்கு,

மாதாவின் தயவில் இங்கே நாங்கள் மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் இருமல் சளி இல்லாமல் நல்லபடி இருக்க வேண்டும் என்று செபமாலையில் ஒரு பத்து மணியை உனக்கென்றே வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை எடுத்து நடுவுக்கு வருவதற்குள் ‘ம்மா, டியூட்டிக்கு நேரமாச்சு, அப்பறம் பேசுறேன்’ என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. கடிதத்தை நீ நடுவில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், திரும்ப எடுத்துப் படிக்கலாம். உன் தோழி மெலிண்டா லீவு முடிந்து புதன்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறாள், அவள் பையில் முறுக்கு, ஓமப்பொடி, மிளகாய்த்தூள் எல்லாவற்றோடும் இதையும் வைத்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்குக் கால் புண் ஆறிவிட்டது, சர்க்கரையும் போன தடவைக்கு இறங்கியிருக்கிறது. கோப்பிக்கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’தான் குடிக்கிறேன் என்று சத்தியம் பண்ணுகிறார், மீசையில் பால் நுரை இருக்கிறது. நான் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுகிறேன், லாரி ஓட்டி ஓய்ந்த மனுசன், எல்லாவற்றையும் தடுத்தால் அப்புறம் என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பலகார வியாபாரம் நன்றாகவே இருக்கிறது. தீபாவளி ஆர்டர் இப்போதே வர ஆரம்பித்துவிட்டது, எண்ணெய் விலைதான் ஏறுகிறது. காம்பாரில் பல்கலைக்கழகத்துப் பக்கம் சரக்கு போடப் புதிதாக இரண்டு கடை பிடித்திருக்கிறேன், சீனப் பிள்ளைகள் நம் கச்சாங் பூத்தே கடலை மிக்சரை அள்ளிக்கொண்டு போகிறார்களாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போகும்போது என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன கன்சில் காரின் எஞ்சின் படுத்துவிட்டது என்று சொன்னபோது, ‘அத பழைய இரும்புக்குப் போட்டுருங்கம்மா, நான் புதுக்கார் வாங்கித் தாரேன்’ என்று சொன்னாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் புதுக்கார் வாங்க எனக்கு வழியில்லாமல் இல்லை, மகளே. டின் டின்னாக எண்ணெய்ப் பலகாரம் ஏற்றுகிற காருக்குப் புது சீட்டு எதற்கு என்பதுதான் என் கணக்கு. உடம்பில் துரு கிடையாது, கதவு நான்கும் ஒழுங்காகச் சாத்துகிறது, சந்துக்குள் திரும்புகிறது. கெட்டது எஞ்சின் ஒன்றுதான். அதுவும் வயதாகித்தான் போனது, பாவம். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு மலையேறும்போதெல்லாம் ஏர்கோனை அடைத்துவிட்டு, நான் வேறு முன்னால் குனிந்து உட்கார்ந்துகொள்வேன், என்னமோ நான் தள்ளுகிறமாதிரி. காய்கறி லாரிக்காரன்கூட ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போவான்.

அப்போதுதான் உன் தம்பி ஐவன் வந்து, எஞ்சினையே மாற்றிவிடலாம் என்றான். அவன் இப்படிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அவன் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள் என்று உனக்குச் சொன்னேன் இல்லையா, அதிலிருந்து சும்மா இருக்கிறான். சித்தி மகன் கிளென் ஜொகூரிலிருந்து போன் போட்டு, சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை பேசி வைத்திருக்கிறேன், இங்கே என்னோடு தங்கி தினம் போய்வரலாம், தீபாவளிக்குள் பதில் சொல் என்றான். இவனுக்கோ போக மனசில்லை. நம் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் சொந்தமாகப் பட்டறை போட வேண்டும், அதுதான் ஆசை. ஆசைக்கு யார் சோறு போடுவார்கள், வண்டி கொண்டுவர ஆள் வேண்டாமா என்று கேட்டேன். ஸ்கூல் வேன் ஓட்டுகிற நம் பக்கத்துத் தெரு சீனி, மூன்று வேனையும் பார்த்துக்கொள்ள நல்ல கை தேடிக்கொண்டிருந்தான். அவனிடம் போய்க் கேட்டேன். ‘அக்கா, சின்ன பிள்ளைங்க ஏறுற வண்டி. ஒன் மகன் கைய நான் இன்னும் பாக்கல. ஒரு வண்டிய முழுசா செஞ்சு காட்டச் சொல்லு, அப்பறம் பேசலாம் லா’ என்றான். நியாயமான பேச்சு, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆக, கன்சில்தான் உன் தம்பிக்குப் பரீட்சை என்று ஆகிவிட்டது. தேறினால் இங்கே, தேறாவிட்டால் கிளெனோடு.

அவன் முதலில் கேட்டது டர்போ வைத்த எஞ்சின். ‘போட்டா பறக்கும்மா’ என்றான். ‘பறந்தா முறுக்கு ஒடையும்டா’ என்றேன். கடைசியில் டர்போ இல்லாத நாலு சிலிண்டர் எஞ்சின், ஜப்பானில் ஓடுகிற மீரா காருடையது என்று முடிவானது, கன்சிலுக்கும் அதற்கும் உறவு முறைதானாம், ஆனால் அப்படியே எடுத்து மாட்ட முடியாது, தாங்குகிற இடத்தை எல்லாம் வெட்டி ஒட்ட வேண்டும் என்றான். ஜப்பானிலிருந்து காரைப் பாதியாக அறுத்து முன்பக்கத்தை மட்டும் கப்பலில் கொண்டுவருகிறார்கள் இல்லையா, ஹாஃப் கட் என்று, அந்தக் கடைக்குப் போனோம். ஐவன் எஞ்சினைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். நான் அவன் காலை மிதித்தேன், பிடித்த சாமானைப் பிடித்ததுபோல் பார்க்கலாமா. நான் ‘கெய் தோ சின்’ என்று கான்டனீஸில் விலை கேட்டதும் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, நிமிர்ந்தான். நான் எண்ணெயில் ஒட்டிய மண்ணைக் காட்டினேன், அவன் கேட்பாரற்றுக் கிடந்த இன்னொரு எஞ்சினைக் காட்டினான், நான் வாசல் வரைக்கும் போனேன், அவன் கூப்பிட்டான். கியர் பெட்டியையும் வயரையும் சேர்த்துத்தான் எடுத்து வந்தோம். ‘ஒங்கம்மா பிஸ்னஸ் பண்ணா நாங்க கட சாத்தணும்’ என்று அவன் ஐவனிடம் சொல்லிச் சிரித்தானாம்.

போக்குவரத்து இலாகாவில் முறையாக எழுதிக் கேட்டு அனுமதி வந்த பிறகுதான் வண்டியில் கை வைக்க விட்டேன். முதலில் மாட்டிவிட்டு அப்புறம் கேட்கலாம் என்றான், அப்படி மாட்டியவர்கள் ரோட்டில் எடுக்க முடியாமல் வண்டியைச் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு மூன்று வாரம் நம் போர்ட்டிக்கோ பட்டறையாகிவிட்டது. அப்பா நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்துகொண்டு பேப்பருக்கு மேலே அங்கேயே பார்ப்பார். செயின் போட்டு எஞ்சினைத் தூக்கும்போது மட்டும் ‘உத்தரம் தாங்குமாடா’ என்று கேட்டார். தாங்கியது. முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது ஒரு தையல் மிஷின்போல் ஓடியது பார், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பரிசோதனைக்குக் கொண்டுபோனோம், முதல் தடவையே பாஸ். வண்டிப் பத்திரம், கிராண்டில் புது எஞ்சின் நம்பரும் ஏறிவிட்டது, இன்சூரன்ஸ்காரனுக்கும் சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்த இடத்தில் நான்தான் போய்க் காரியத்தைக் கெடுத்தேன். எதிர்வீட்டு நல்லம்மாள் ஒருநாள் வேலிப்பக்கம் நின்று, ‘ஏன் ரோசரி, அறுத்துக் கொண்டாந்த காரு, அந்த ஜப்பான்காரன் எங்க மோதுனானோ, எப்படிச் செத்தானோ, அவன் எஞ்சின வச்சிக்கிட்டு மல ஏறப்போற’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஜப்பானில் பழைய காரை ஓட்டினால் வரி கூடவாம், அதனால்தான் நல்ல காரையும் தள்ளிவிடுகிறார்கள் என்று ஐவன் எவ்வளவோ சொன்னான். என் புத்தி கேட்கவில்லை. மாதா திருநாளன்று பூசைக்குப் பிறகு வண்டிகளை மந்திரிக்கிறார்கள் அல்லவா, வரிசையில் நம் கன்சிலும் நின்றது. ஃபாதர் வந்து மேலே தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தார். நான் விடவில்லை. ‘ஃபாதர், வண்டிய ஏற்கனவே மந்திரிச்சிருக்கு, எஞ்சின்தான் புதுசு, அதுக்குத் தெளிங்க’ என்று பானெட்டைத் திறக்கச் சொன்னேன். ஐவன் ‘ம்மா, வேணாம்மா’ என்று கண்ணைக் காட்டினான். ஃபாதர் நல்ல மனுசர், கேட்டவளுக்குக் குறை வைக்கக் கூடாது என்று மூன்று தடவை தாராளமாகவே தெளித்தார். நானும் திருப்தியாக மூடினேன்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. நடுவில் பிளக் இறங்குகிற குழியில் தண்ணீர் நின்றுவிட்டதாம். கர் கர் என்கிறது, இருமுகிறது, நிற்கிறது. பின்னால் முப்பது வண்டி ஹாரன் அடிக்கிறது, பூசை முடிந்த கூட்டம் முழுக்கச் சுற்றி நிற்கிறது. அன்னதானத்துக்கு வந்த சீனி, தட்டும் கையுமாக வந்து நின்று, ‘அக்கா, எங்காளுங்க மாதிரி நாலு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தியிருந்தா இந்நேரம் பறந்திருக்கும் லா’ என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஐவனும் சிரித்தான், ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டது. தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, வயரைத் துடைத்து மாட்டினான், கிளம்பியது. கிளம்பி என்ன, ‘ஆம்புரோஸ் மகன் செஞ்ச வண்டி கோயில் வாசல்லயே நின்னுருச்சு’ என்ற பேச்சுதான் தெருவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலமே அவன் அலமாரியிலிருந்து பெரிய பையை எடுத்துத் தூசி தட்டினான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ட்ரேசி. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

கெடுத்தவள்தானே சரி பண்ண வேண்டும். மறுநாள் சீனி வீட்டுக்குப் போனேன். கெஞ்சவில்லை. ‘சனிக்கிழமை கம்போங் ராஜாவுக்குச் சரக்கு போகுது, சும்மாதான இருப்ப, நீயும் வா, மல மேல தோச வாங்கித் தாரேன்’ என்றேன். அவனும் புரிந்துகொண்டு சிரித்தான். வண்டி நிறைய முறுக்கு டின், பின்சீட்டில் டின்களுக்கு நடுவே நான், முன்னால் ஐவன், பக்கத்தில் சீனி. சீனியே இரண்டு டின் கனம் இருப்பான். சிம்பாங் பூலாய் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் அவன் கையை நீட்டி ஏர்கோனை முழுசாகத் திருகினான். ஒரு காய்கறி லாரியை முந்தினோம், எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. நல்ல செங்குத்தான வளைவில் சீனி ‘நிப்பாட்டு’ என்றான். ஐவன் நிறுத்தினான். ‘எடு’ என்றான். ஓரடிகூடப் பின்னால் உருளாமல் எடுத்தான். மேலே போய்ச் சேர்ந்ததும் சீனியே பானெட்டைத் திறந்து அங்கே இங்கே தொட்டுப் பார்த்தான், சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. மூன்று தோசை சாப்பிட்டான்.

இறங்கும்போது ‘குடு, நான் ஓட்டுறேன்’ என்று சாவியை வாங்கிக்கொண்டான். பாதி வழியில் பனி இறங்கிவிட்டது. ஒரு வளைவில் எதிரே வந்த லாரிக்காரன் நம் பக்கத்துக்கே வந்துவிட்டான். நான் ‘மாதாவே’ என்றேன், சீனி பிரேக்கை அழுத்தினான், வண்டி ஆணி அடித்தமாதிரி நேராக நின்றது, காலி டின்தான் என் மேல் சரிந்தது. லாரி போன பிறகு சீனி அதை இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தான். அப்புறம், ‘இது கன்சில் பிரேக் இல்லையே’ என்றான். ‘இல்லண்ணே, எஞ்சின் பெருசா போட்டா நிப்பாட்டுறதுக்கும் பெருசா வேணுமில்ல, பெரிய செட்டா மாத்திட்டேன், அதையும் காட்டித்தான் பாஸ் வாங்குனது’ என்றான் ஐவன். எனக்கே அது தெரியாது. தன் கைக்காசில் போட்டிருக்கிறான். ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், ‘சொன்னா நீங்க வெல பேச வந்துருவீங்கம்மா, பிரேக்குல வெல பேசக்கூடாது’ என்கிறான். சீனி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் வீட்டு வாசலில் இறங்கும்வரை வேனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, ‘வாரேன் அக்கா’ என்று போய்விட்டான். நான் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டு கிடந்தேன்.

இன்று காலை பூசைக்குக் கிளம்பிக் கேட்டைத் திறந்தால், சீனி ஒரு வேனில் கயிறு கட்டி இன்னொரு வேனை இழுத்துக்கொண்டு வருகிறான். மூன்றில் ஆகக் கேடுகெட்ட வேன், ஒரு மாதமாகப் படுத்துக் கிடந்தது, அதைத்தான் முதலில் தள்ளியிருக்கிறான், அவனும் வியாபாரிதானே. சாவியை அப்பாவிடம் கொடுத்து, ‘பய எந்திரிச்சதும் குடுங்கண்ணே, மத்த ரெண்டும் பள்ளி லீவுல வரும்’ என்றான். அப்பா உள்ளே போய் எழுப்பவில்லை, அங்கிருந்தே வேன் ஹாரனை அழுத்தினார், தெருவே எழுந்துவிட்டது. நான் இதை எழுதும்போது வேனுக்கு அடியிலிருந்து உன் தம்பியின் கால் இரண்டுதான் தெரிகிறது. பூசைக்குச் சாயங்காலம் போகிறேன் என்கிறான், போக வைப்பது என் பொறுப்பு. கொட்டகைக்கு வாடகை உண்டு என்று சொல்லிவிட்டேன், முதல் ஆறு மாதம் கேட்க மாட்டேன் என்பதை இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

முறுக்கை முதலில் தின்றுவிடு, அது தாங்காது, தூள்களைக் காற்றுப்படாமல் மூடி வை. ராத்திரி டியூட்டியில் வெறும் பிஸ்கட்டைத் தின்று ஓட்டாதே. இது உன் கைக்கு வந்த பிறகு வருகிற செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள், போன் போட்டால் முதலில் அவரிடம் பேசு, என்னிடம் அப்புறம் பேசலாம். மாதா உன் கையையும் காலையும் காத்து, உன்னிடம் வருகிற நோயாளிகளுக்கும் உன் கையால் சுகம் கிடைக்கட்டும். அப்பாவின் ஆசீர், என் முத்தம், ஐவனின் கிரீஸ் கை வணக்கம்.

உன் அம்மா,
ரோசரி ஆம்புரோஸ்

பின்குறிப்பு: கிளெனுக்கு நான் சொன்னால் கோபப்படுவான், நீ ஒரு மெசேஜ் போட்டுவிடு. ஜொகூரில் ஐவனுக்கென்று பிடித்து வைத்திருக்கிற கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டும்.