செருப்பைக் கழற்றிய பிறகு

செருப்பைப் போடச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் அக்காவுக்கு,

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உன் பள்ளிக்கூட மலருக்காக ஸ்டெல்லா டீச்சர் கேட்டார். உனக்குப் பிறகு ஆலங்குடியில் உன் வகுப்பை எடுப்பவர் அவர்தான். அவருக்கும் சர்க்கரை, உன்னைப் போலவே பாதம் மரத்துவிட்டது. அதனால் மறுக்க முடியவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் படலம் நினைவிருக்கிறதா? நெகிழித் தாளைப்போல மெல்லியது; அழுத்தினாலும் வளைத்தாலும் துளி மின்சாரம் தரும். "இத வச்சு பல்பு எரியுமாடி?" என்று கேட்டாய். எரியாது என்றேன். "அப்பறம் என்னத்துக்கு இம்புட்டுப் படிச்ச?" என்று சிரித்தாய்.

பிறகு ஒருநாள், வகுப்பில் சார்ட்டிலிருந்து விழுந்த குண்டூசி ஒன்று உன் பாதத்தில் ஏறியது. உனக்கு உறைக்கவே இல்லை. மாலை மணி அடிக்கும்வரை அந்தக் காலோடு பாடம் நடத்தினாய். புண் புரையோடி முதலில் கால் போனது, அப்புறம் நீயும் போனாய். உன் பாதம் சொல்லாததை அந்தப் படலம் சொல்லியிருக்குமா? அந்தக் கேள்வியோடுதான் வேலையைத் தொடங்கினேன்.

படலத்தைச் செருப்பின் உள்ளே பொருத்தினோம். பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் கூடினால் செல்போனுக்கு எச்சரிக்கை வரும். முதலில் போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டவர் ஸ்டெல்லா டீச்சர். பதிவுகள் அழகாக வந்தன. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் சீரான அடிகள். இடையில் நீண்ட அமைதி. இந்தப் படலம் அழுத்தம் மாறும்போதுதான் பேசும். சும்மா இருந்தால் ஊமை. அந்த அமைதிக்கு நேராக 'ஓய்வு' என்று குறித்து வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனேன். செருப்பு வாசலில் கிடந்தது. அவர் வெறுங்காலோடு அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். இடது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. அவருக்கே தெரியவில்லை.

"செருப்பப் போடுங்கன்னு அத்தனை தடவை சொன்னேனே டீச்சர்?"

"போட்டுக்கிட்டுத்தானம்மா ரோட்டுல போறேன். மாதா படம் இருக்குற வீட்டுக்குள்ள செருப்போட திரியச் சொல்றியா? வகுப்புலயும் பிள்ளைக எல்லாம் வெளியதான கழட்டுது. நான் மட்டும் மகாராணியா?"

அந்தக் கொப்புளத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நீயும் வெறுங்காலோடு நின்றுதானே குண்டூசியை மிதித்தாய்? அது தெரிந்திருந்தும் செருப்பைப் போய் காவலுக்கு வைத்திருக்கிறேன் பார்.

போன மாதம் எங்கள் திட்டத்தை மதிப்பிட ஒருவர் வந்தார். "நடந்தா செல்போன் சார்ஜ் ஆகுற ஷூன்னு மாத்திருங்க மேடம். பார்க்குறவங்களுக்குச் சட்டுன்னு புரியும்" என்றார்.

"ஆகாது சார்."

"ஆகும்னு போடுறதுல என்ன இருக்கு?"

"நடந்தா சேருற கரண்ட் ஒரு சின்ன எச்சரிக்கையை அனுப்புற அளவுக்குத்தான். எனக்கு அது போதும்."

அவருக்குப் போதவில்லை. திட்டம் நீளுமா என்பது இன்னும் தெரியாது. நீண்டாலும் நீளாவிட்டாலும் வேலை நிற்காது என்று துறையில் சொல்லிவிட்டேன்.

இப்போது செருப்பை விட்டுவிட்டோம். படலம் வளையும் என்பதைப் பேப்பரில் எழுதிப் பெருமைப்பட்டதோடு சரி. வளைத்துப் பாதத்திலேயே சுற்ற இத்தனை நாள் தோன்றவில்லை. கால்விரல்களை விட்டுவிட்டு, குதிகாலையும் நடுப்பாதத்தையும் பிடிக்கும் மெல்லிய துணிப்பட்டையில் படலத்தை வைத்துக் கட்டினோம். முதல் பட்டை பாத்திரம் கழுவும் இடத்தில் ஊறிச் செத்தது. அடுத்தது வியர்வையில் உரிந்து வந்தது. இப்போது கட்டியிருப்பது தண்ணீருக்குத் தாங்குகிறது, ஓரம் மட்டும் பிரிகிறது. "கொலுசு போட்ட காலுதான, இதையும் சுமக்கும். நீ சரியாச் செய்யி" என்கிறார் டீச்சர். கொப்புளம் ஆறிவிட்டது.

அவர் அசையாமல் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்று இன்னும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. முடியாததை முடியும் என்று எழுதமாட்டேன். ஆனால் எந்த அமைதிக்கும் இனி 'ஓய்வு' என்று பெயர் வைக்கவும் மாட்டேன்.

வீட்டுக்குள் செருப்பு போடு என்று இனி யாரையும் அதட்டப் போவதில்லை, அக்கா. அவர்கள் கழற்றிவிட்டு உள்ளே போகட்டும். கூடவே உள்ளே போகும் ஒன்றைச் செய்து முடிப்பேன். ஸ்டெல்லா டீச்சர் இரண்டு காலோடு பணி ஓய்வு பெறுவார். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன் செருப்புக்குப் பக்கத்திலேயே தன்னுடையதையும் கழற்றிவிட்டு உள்ளே வந்த
உன் தங்கச்சி