சனிக்கிழமை மாடியில் அத்தையின் கடிதம்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதறேன். இங்கே எல்லாரும் சுகம். நீங்க உடம்பைப் பார்த்துக்கறீங்கதானே?

போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணீங்க. "அத்தை"ன்னீங்க. "சொல்லுங்க மாப்பிள்ளை"ன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் போனைக் காதுல வெச்சுக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டே இருந்தோம். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "லைன்ல யாரும் வரலையா?"ன்னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்றது? எம் பொண்ணு இருந்தவரைக்கும் அவ பேசுவா, நீங்க பின்னால உட்கார்ந்திருப்பீங்க. அவ போய் ஆறு மாசமாச்சு. நடுவுல ஆள் இல்ல. அதான், எழுதிப் பார்க்கலாமேன்னு தோணிச்சு.

பெரியவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். "வீட்டை வித்துட்டு என்கூட வந்துடும்மா"ங்கறான். கடல் தாண்டிப் போயிட்டா திரும்பி வர்றதாவது. மருமக நல்லவதான். அவ நல்லவளா இருக்கறதை நாள் பூரா பார்த்துக்கிட்டு இருக்கணும், அதான் அலுப்பு.

உங்க வீட்டுக்கும் வந்து கொஞ்ச நாள் இருக்கலாம்தான். ஆனா நான் வந்து உங்களுக்கு என்ன ஆகப் போகுது? நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போறீங்க, வர்றீங்க. கிழவி ஒருத்தி குறுக்க நெடுக்க நடந்தா உங்களுக்குத்தான் தொந்தரவு. எனக்கு எங்க இருந்தா என்ன, பொழுது போயிடும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

எப்பவும் உங்க நெனப்பா இருக்கற
அத்தை


பிப்ரவரி 27

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. முழுசாகப் புரிந்துகொண்டு பதில் எழுதலாம் என்று இருந்தேன். அதில் நாளாகிவிட்டது.

உங்களிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு ஆஸ்பெர்கர் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வியாதி இல்லை, மாத்திரையும் இல்லை. பிறக்கும்போதே மூளைக்குள் வயரிங் வேறு மாதிரி. மற்றவர்களுக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிவது, எனக்கு வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். உங்கள் மகள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சொல்லி முடித்ததும், "அப்பாடா! இத்தனை நாளா என்மேலதான் ஏதோ கோபம்னு நெனச்சுட்டிருந்தேன்" என்று சிரித்தாள். அதன்பிறகு எங்கே போய்விட்டு வந்தாலும் எனக்கு அர்த்தம் சொல்லிவிடுவாள். "வீடு தூரமான்னு அந்தம்மா கேட்டது நம்மளைக் கிளம்பச் சொல்லி. நீங்க பஸ் நம்பர் சொல்லிட்டிருக்கீங்க." இப்போது சொல்ல ஆள் இல்லை.

என்னைப் போன்றவர்கள் சிலர் சனிக்கிழமை சாயங்காலம் ஓர் அச்சகத்தின் மாடியில் கூடுகிறோம். அந்த இடத்தையும் அவள்தான் தேடிக் கொடுத்தாள். ட்யூப்லைட் இரையும் என்று போட மாட்டோம். நாற்காலிகள் எல்லாம் ஜன்னலைப் பார்த்து இருக்கும். பேச வேண்டும் என்று கட்டாயமில்லை, கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்றும் இல்லை. நான் களைத்துப் போகாத ஒரே இடம் அதுதான். உங்கள் கடிதத்தை அங்கே எடுத்துப் போனேன்.

அச்சகத்தில் பிழை திருத்துகிற அக்கா முதலில் வாசித்தார். "'இங்கே எல்லாரும் சுகம்'னு இருக்கு. வீட்டுல அவங்க ஒருத்தங்கதானே? 'எல்லாரும்' தப்பு."

"'வந்து என்ன ஆகப் போகுது'ங்கறது கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும் சார்" என்றார் பஸ் ஓட்டுகிறவர்.

"தொந்தரவுன்னு அவங்களே எழுதிட்டாங்களே" என்றார் அக்கா.

"எங்க இருந்தாலும் ஒண்ணுதான்னும் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு இவ்ளோ நீளமா எழுதினாங்க?" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம். எங்களுக்குள் அது அபூர்வம்.

ஆகவே என் பதில். யோசித்துப் பார்த்தேன், நீங்கள் வந்து எனக்கு ஆகப் போவது ஒன்றும் இல்லை. சமைத்துக்கொள்கிறேன், துணி துவைத்துக்கொள்கிறேன். குறுக்கே நடந்தால் தொந்தரவாகத்தான் இருக்கும். உங்களுக்கு எங்கே இருந்தாலும் ஒன்று என்பதால் மச்சான் வீடே சரி. இங்கே வர வேண்டாம்.

லிப்ட் வேலை எப்போதும் போல. நேற்று ஒரு கட்டிடத்தில் லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாவை வெளியே எடுத்தோம். "வெளியில நின்னு யாராவது பேச்சுக் கொடுத்திருந்தா தைரியமா இருந்திருக்கும்" என்றார். "பேசினா லிப்ட் சீக்கிரம் வராதும்மா" என்றேன். கூட வந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

தூங்குகிறேன். பசி எடுப்பதில்லை, ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு
மாப்பிள்ளை


மார்ச் 8

மாப்பிள்ளைக்கு,

தெள்ளத் தெளிவா எழுதிட்டீங்க. ரொம்ப சந்தோஷம்.

பொண்ணைப் பறிகொடுத்தவ எழுதின கடுதாசியை மாடியில நாலு பேர் உட்கார்ந்து பிழை பார்த்திருக்கீங்க. அதோட ஏன் விட்டீங்க? கீழதான் அச்சாபீஸ் இருக்கே, நோட்டீஸ் அடிச்சுத் தெருத்தெருவா ஒட்டியிருக்கலாமே.

ஆஸ்பெர்கரோ என்னவோ, வாயில நுழையல. இதை எங்ககிட்ட மறைச்சதுல எம் பொண்ணும் கூட்டா? எங்க வீட்டுல உங்களை அழுத்தக்காரர்னுதான் நெனச்சிருந்தோம். அழுத்தக்காரனுக்கும் கண்ணுல தண்ணி வரும். அவளை நடு வீட்டுல கிடத்தியிருக்கு. அத்தனை பேரும் கதறிக்கிட்டிருக்கோம். நீங்க ஸ்டூலைப் போட்டு ஏறி ஃபேனுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு நிக்கறீங்க. என் கட்டை வேகற வரைக்கும் அது என் கண்ணை விட்டுப் போகாது.

பெரியவன்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு ஆள் பார்த்துக்கிட்டிருக்காங்க.

இனிமே நீங்க எழுத வேண்டாம். எங்க இருந்தாலும் நல்லா இருங்க.

அத்தை


ஏப்ரல் 21

அத்தைக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எழுதுகிறேன். ஒருவர் வேண்டாம் என்று சொன்னதை நான் இதுவரை செய்ததில்லை. இந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டுப் பல நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தை மாடியில் யாருக்கும் காட்டவில்லை. கடைசி வரியை மட்டும் சொன்னேன்.

"எழுத வேண்டாம்னா எழுத வேண்டாம்தான். இதுல பார்க்க என்ன இருக்கு?" என்றார் அக்கா.

இரண்டு வாரம் கழித்து, பஸ்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"எங்கம்மா ஒருதடவை, 'இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே'ன்னாங்க. சரின்னு நான் மிதிக்கல. என் பஸ் தினமும் அந்தத் தெரு வழியாத்தான் போகும். ஜன்னல்ல நிப்பாங்க. நான் ஹாரன்கூட அடிக்கல. அங்க அடிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு. ஒருநாள் பார்த்தா ஜன்னல்ல ஆளைக் காணோம். அன்னிக்குக் காலையில போயிட்டாங்களாம்."

"அப்ப அவங்க உங்களை வரச் சொன்னாங்கங்கறீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"இப்பவும் தெரியலக்கா. ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

அக்கா பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அப்புறம், "எங்க வேலையில சந்தேகம் வந்தா உடனே கோடு போட்டு அடிச்சுட மாட்டோம். ஓரத்துல பென்சிலால கேள்விக்குறி போட்டு எழுதினவருக்கே திருப்பி அனுப்புவோம்" என்றார். உங்கள் கடைசி வரிக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

ஃபேன் விஷயம். அது ஒவ்வொரு சுற்றுக்கும் கிறீச்சிட்டது. யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்கு அது மட்டும்தான் கேட்டது. அவளை எழுப்ப முடியாது. அத்தனை பேர் அழுகிறார்கள், அதை நிறுத்த முடியாது. அந்தச் சத்தத்தை நிறுத்த முடியும். நிறுத்தினேன். அழுகை எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

நீங்கள் நடமாடினால் தொந்தரவு என்று எழுதியது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அலமாரியில் அவள் பக்கத்துக் கதவை நான் திறப்பதில்லை. சின்ன வயதில் அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. அவள் இருந்தாளே, அது போதுமாக இருந்தது. இனிமேல் அதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை. நீங்கள் கடல் தாண்டிப் போனால் கடிதமும் நின்றுவிடும். நிற்கக் கூடாது. எனக்கு வேண்டியது இதுதான்.

உங்களுக்கு என்ன வேண்டும்? எனக்கு ஊகிக்க வராது. நேராக எழுதுங்கள். கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை, கடுமை எனக்குப் புரியும்.

மாப்பிள்ளை


மே 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேரா எழுதச் சொல்லிட்டீங்க. எழுதறதும் கிழிக்கறதுமா இது நாலாவது தாள். பிறந்ததுலேர்ந்து சுத்தி வளைச்சே பேசிப் பழகினவளை நேரா நடன்னா தலை சுத்துது.

உங்கமேல கோபம் இன்னும் இருக்கு. ஃபேன் விஷயத்தைப் படிச்சுட்டு, அடுப்பை அணைச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். பாதி கோபம் அங்கேயே போச்சு. மீதி கோபம் உங்கமேல இல்லைன்னு நெனைக்கறேன். யார்மேல காட்டறதுன்னு தெரியாம உங்கமேல இறக்கி வெச்சிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும், தப்பா எடுத்துக்காதீங்க.

'நான் வந்து என்ன ஆகப் போகுது'ன்னு எழுதினேனே, அது கேள்வியே இல்ல. 'அப்படியெல்லாம் சொல்லாதீங்க, வாங்க அத்தை'ன்னு நீங்க சொல்லணும்னு எழுதினது. சொல்லியிருந்தா வந்திருப்பேனான்னு கேட்டா, வந்திருக்க மாட்டேன். முழங்கால் இருக்கற லட்சணத்துல வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாலே ரெண்டு நாள் படுக்கை. வர மாட்டேன்னு எனக்கே தெரியும். ஆனாலும் கூப்பிடணும். இதை உங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்கறது? அந்த அச்சாபீஸ் அக்காவுக்கும் புரியப் போறதில்ல. விடுங்க.

பஸ்காரர்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லிடுங்க. அந்தம்மா தினமும் ஜன்னல்ல நின்னது பஸ்ஸைப் பார்க்க இல்ல, அவரைப் பார்க்க.

அவ சின்ன வயசுல எப்படின்னு கேட்டீங்க. அவங்கப்பாவும் நானும் முகத்தைத் திருப்பிக்கிட்டா நடுவுல வந்து இடுப்புல கை வெச்சு நின்னுக்குவா. "அம்மா என்ன சொல்ல வர்றாங்கன்னா..."ன்னு அவர்கிட்ட ஆரம்பிப்பா. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, "அப்பா என்ன சொல்ல வர்றாருன்னா..." நாங்க சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்லுவா. அதுலயே சமாதானம் ஆயிடுவோம். கழுதை, உங்க வீட்டுக்கு வந்தும் அதே வேலையைத்தான் பார்த்திருக்கா.

இன்னும் நிறைய இருக்கு. ஒண்ணொண்ணா எழுதறேன்.

பெரியவன் டிக்கெட் எடுத்து, ஏர்போர்ட்டுல சக்கர நாற்காலிக்கும் சொல்லி வெச்சுட்டான். ஜூன் கடைசியில கிளம்பறேன். அங்க போயும் எழுதுவேன். இது நேராத்தான் சொல்றேன், கேள்விக்குறி போடாதீங்க.

அத்தை


மே 26

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. அவள் இடுப்பில் கை வைத்து நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். அது எங்கேயிருந்து வந்தது என்று அப்போது தெரியாது. இப்போது தெரிகிறது.

பஸ்காரரிடம் அவருக்கான வரியைச் சொன்னேன். எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. போன சனிக்கிழமை வந்து, "உங்க அத்தையை நான் கேட்டதாச் சொல்லுங்க சார்" என்றார். என்ன கேட்டதாகச் சொல்ல வேண்டும் என்று விசாரித்தேன். அவருக்கும் தெரியவில்லை. "அப்படித்தான் சொல்லுவாங்க" என்று அக்கா எடுத்துக் கொடுத்தார். ஆகவே சொல்கிறேன், பஸ்காரர் உங்களைக் கேட்டார்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, முழங்கால் சரியில்லை, வர மாட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடக்காத ஒன்றை எதற்காக ஒருவர் சொல்ல வேண்டும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காமலே சொல்கிறேன்.

வாங்க அத்தை.

இதை எழுதிவிட்டுச் சும்மா உட்கார முடியவில்லை. எங்கள் கட்டிடத்து லிப்டில் கதவு சட்டென்று மூடிவிடும். நேற்று மேலே மெஷின் ரூமுக்குப் போய் அது திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தேன். முழங்கால் வலியோடு ஒருவர் நிதானமாக உள்ளே வந்து, பெட்டியையும் இழுத்துக்கொண்டு, திரும்பி நிற்கும் வரைக்கும் மூடாது.

இன்று காலையில் மேல்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "என்ன சார் இது, கதவு மூடவே மாட்டேங்குது. ஆபீசுக்கு லேட்டாகுது. யார் வரணும்னு இப்படித் திறந்து வெச்சிருக்கீங்க?"

"எங்க அத்தை" என்றேன்.

"அப்படியா? எப்ப வர்றாங்க?"

"வர மாட்டாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. கதவை அப்படியேதான் விட்டிருக்கிறேன்.

உங்கள்
மாப்பிள்ளை