மதியம் வரை தண்ணீர்

நல்லம்பள்ளி,
6.9.2024

பிளசி அப்பாவுக்கு ராணி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் பிளசியும் சுகம். அங்கே வெயில் ஆளைக் கொல்கிறது என்றீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். மானியத்தில் சோலார் பம்பு தருகிறார்கள். டீசல் புகையைக் குறைக்கவாம். ஆனால் இலவசக் கரண்டுக்காக மாமா 2005இல் பதிந்து வைத்த வரிசை எண்ணை விட்டுக்கொடுக்கிறோம் என்று எழுதித் தர வேண்டும். நிலம் உங்கள் பேரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும், தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, டீசல் ஊற்றித்தான் மாளவில்லை. தண்ணீருக்கு ஒரு வழி பிறந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று நீங்கள் கிளம்பிப் போய் ஒன்பது வருஷம். நினைவிருக்கிறதா?

ராணி


கட்ச், குஜராத்,
20.9.2024

அன்புள்ள ராணிக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்த நம்பருக்காக அப்பா மின்வாரிய ஆபீசுக்கு நடந்த நடையை நினைத்தால் மனசு கேட்கவில்லை. போகட்டும்.

இங்கே நாங்கள் நிறுத்திய சோலார் பேனல்களை எண்ண முடியாது. அதிகாரிகள் வந்து, இனி நிலக்கரி குறையும், காற்று சுத்தமாகும் என்று பேசிவிட்டுப் போகிறார்கள். கைதட்டிவிட்டு நாங்கள் மறுபடியும் போல்ட் முடுக்கப் போகிறோம். அலுத்துவிட்டது ராணி.

பேனலை எங்கே வைப்பது என்று படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். பிளசியின் ஞானஸ்நானத்துக்கு நட்ட புளியங்கன்றுக்கும் கிணற்றுக்கும் நடுவில். கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னாலும் கேட்காதே, இது என் தொழில். பம்பு ஓடட்டும், வந்துவிடுகிறேன்.

மரிய ஆனந்த்


நல்லம்பள்ளி,
11.3.2025

பிளசி அப்பாவுக்கு,

பம்பு வந்துவிட்டது. பங்குச் சாமியார் வந்து ஜெபித்து மந்திரித்துக் கொடுத்தார். முதல் தண்ணீரில் பிளசி நனைந்து ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. பேனல் மாட்ட வந்த அன்பு என்பவர், "அக்கா, இங்க வச்சா மத்தியானம் மரத்து நெழலு வுழுமுங்க. கெழக்கால தள்ளி வச்சுக்கலாமுங்க" என்றார். நான் உங்கள் படத்தைக் காட்டி, "எங்க வூட்டுக்காரர் சோலார்லதாங்க வேலை செய்யறாரு. அவரு சொன்ன எடத்துலயே வைங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

இப்போது உச்சி சாய்ந்ததும் நிழல் ஏறிவிடுகிறது, பம்பு நின்றுவிடுகிறது. தக்காளிக் காட்டில் பாதிக்குத்தான் தண்ணீர் பாய்கிறது, மீதி வாடுகிறது. ஏங்க, நீங்கள் கன்று என்று எழுதியது இப்போது நம் வீட்டை விட உயரம். இந்த ஒன்பது வருஷத்தில் இரண்டு கிறிஸ்துமசுக்கு வந்தீர்கள். இரண்டு தடவையும் காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

காங்கிரீட் போட்டாகிவிட்டது, திட்டத்தில் இடம் மாற்ற வழியில்லை என்கிறார்கள். கரண்டு வரிசையும் போய்விட்டது. மரத்தை வெட்டட்டுமா?

ராணி


கட்ச்,
28.3.2025

அன்புள்ள ராணிக்கு,

தப்பு என்னுடையதுதான். இங்கே பேனல்மேல் ஒரு கம்பத்தின் நிழல் விழுந்தாலே ஆட்களைத் திட்டுகிறவன் நான். சொந்தக் காட்டில் கோட்டை விட்டுவிட்டேன். எனக்கு இன்னும் அந்தப் புளியமரம் முழங்கால் உயரத்தில்தான் கண்ணில் நிற்கிறது.

பிளசி பேருக்கு நட்டது, வெட்டாதே. மே மாதம் வந்து நானே பார்க்கிறேன். கம்பெனியில் பேசிப் பேனலை நகர்த்தலாம். பிளசியிடமும் சொல்.

மரிய ஆனந்த்


நல்லம்பள்ளி,
2.7.2025

பிளசி அப்பாவுக்கு,

மே போனது, ஜூனும் போனது. சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள், ராஜஸ்தானில் புது சைட், இன்னும் மூன்று வருஷம் என்று போனில் இரண்டு வரி அனுப்பியிருந்தீர்கள். பார்த்தேன். உங்கள் உழைப்புக்குக் கிடைத்தது, சந்தோஷம்.

நீங்கள் வருவீர்கள் என்று மரத்தில் கை வைக்காமல் இருந்ததில் தக்காளி போய்விட்டது. போன வியாழக்கிழமை ஆண்டி அண்ணனைக் கூப்பிட்டு மரத்தை வெட்டினேன். இப்போது சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் ஓடுகிறது. சாமந்தி நட்டிருக்கிறேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை. சண்டை போடவும் தெம்பில்லை. தண்ணீர் வந்தால் வருவேன் என்றீர்கள். தண்ணீர் வந்துவிட்டது, நீங்கள் வரவில்லை. இனி வேறு காரணம் எதுவும் சொல்ல வேண்டாம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிளசி, மரம் கிடப்பதைப் பார்த்து, "அப்பா வந்து பாக்கறேன்னாரே, அதுக்குள்ள ஏம்மா வெட்டுன?" என்று கேட்டாள். அப்பா வரமாட்டார் என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் அழவில்லை. "எனக்கு அது எப்பவோ தெரியும்மா. நீதான் காத்துக்கிட்டு இருந்த" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். இனிமேல் நானும் காத்திருக்கப் போவதில்லை.

அருள்ராணி