மேல்வீட்டின் குரல்

மிசுசே,
நவம்பர் 19

அன்பு மகள் சயோகோவுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். வின்னிபெக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. போன தடவை ஒரே வரியில் முடித்துவிட்டாய்; அது கடிதமில்லை, தந்தி.

நீ அனுப்பிய ஒசாகா முதியோர் இல்லத்து விண்ணப்பம் வந்தது. பத்து நாள் முன்பு அதில் கையெழுத்துப் போட்டுவிடுவது என்றே இருந்தேன். காரணத்தை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது, நானே சொல்கிறேன். தேவாலயத்துப் பீடத் துணியில் மெழுகுக் கறை. நீ கொடுத்துவிட்டுப் போன வெளுப்புத் திரவத்தை வாளியில் ஊற்றி ஊறவைத்தேன். கொல்லையில் செய்ய வேண்டியதை, முழங்கால் வலி என்று சமையலறை ஊற்றுத் தொட்டியின் விளிம்பிலேயே செய்தேன். வாளி சாய்ந்து மொத்தமும் தொட்டிக்குள் போயிற்று. பதினொரு வருஷமாக அதில் நம் பாத்திரத்துப் பருக்கைகளைத் தின்று வளர்ந்த அப்பாவின் கெண்டை மீன்கள் இரண்டும் புரண்டு மிதந்தன. நம் வீடு முதல் வீடு. நம் தொட்டித் தண்ணீர் இன்னும் பதினொரு வீட்டுத் தொட்டிகளில் புகுந்துதான் ஏரிக்குப் போகிறது, அது எல்லாரும் அரிசி களைகிற நேரம். வாய்க்கால் பலகையை இறக்கப் போனேன். ஆறு வருஷமாக நான் தொடாததால் பொருத்தியிருந்த பள்ளத்திலேயே ஊறிப் பருத்து அசைய மறுத்துவிட்டது.

அந்தப் பலகைகளின் கதை நீ அறிந்ததுதான். உன் கொள்ளுத்தாத்தா காலத்தில் காலரா வந்து கீழ் வீடுகளில் ஒன்பது பேர் போன பிறகு, ஊரார் வீட்டுக்கு ஒன்றாக வைத்தது. இறக்கினால் தண்ணீர் வயல் பக்கம் திரும்பிவிடும். டிசம்பர் முதல் ஞாயிறு மேல்வீடான நம் வீட்டிலிருந்து "பலகை" என்று குரல் கொடுக்க, அடுத்தடுத்த வீடு அதை வாங்கிச் சொல்லி ஏரிக்கரை வரை இறக்கிப் பார்ப்பார்கள். அப்பாவுக்குப் பிறகு அது என் முறை. நான் மாட்டேன் என்றேன். நல்ல பெண்ணின் குரல் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது என்று கியோத்தோவில் கன்னியாஸ்திரிகள் வளர்த்தவள் தெருவில் நின்று கத்துவதா என்று நினைப்பு. அடுத்த வீட்டு இசாவோ, "கியோத்தோ சீமாட்டிக்குத் தொண்டை வலிக்குமாம், நானே கத்திக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து அவரிடம் தலையசைப்போடு சரி.

வாளி சாய்ந்த அன்று கத்தினேன், வெறுங்காலோடு வாசலில் நின்று. இசாவோ அரிசியைப் போட்டது போட்டபடி ஓடி வந்து தன் வீட்டுப் பலகையை இறக்கினார். என்ன ஏது என்று ஒரு கேள்வியில்லை. அவர் குரலை அடுத்த வீடு வாங்கியது, அதை அதற்கடுத்த வீடு. கடைசி வீடு வரை அது போவதை நின்று கேட்டேன். தண்ணீரைக் குரல் முந்திவிட்டது. வேறு எந்தத் தொட்டியிலும் ஒரு மீன் சாகவில்லை. ஐம்பது வருஷமாக இவர்களுடைய பேச்சையும் சாப்பிடும் முறையையும் திருத்திக்கொண்டிருந்தேன், சயோகோ. ஒருநாளும் தேவைப்படாத ஒரு காரியத்தை வருஷம் தவறாமல் ஒழுங்காகச் செய்துவந்தவர்கள் அவர்கள்.

மாலையில் எல்லா வீட்டாரும் கூடிய இடத்தில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். முதல் வீட்டில் இருக்க எனக்குத் தகுதியில்லை, ஒசாகாவுக்குப் போகிறேன் என்றேன். இசாவோதான் பேசினார். "போறதுன்னா போங்க மேல்வீட்டம்மா. இந்தத் தொண்டைய இத்தனை வருஷமா எந்தப் பெட்டியில பூட்டி வெச்சிருந்தீங்க, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க. காது கேக்காத என் பொண்டாட்டியே எந்திரிச்சு உக்காந்துட்டா" என்றார். அவர் மனைவி, "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, உங்க பேச்சுதான் கேக்கிற மாதிரி இல்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு கடைசி வீட்டு ஃபுமி, "நீங்க போயிட்டா முதல் குரல யாரு குடுப்பா? அது மேல இருந்துதான வரணும்" என்றாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

மறுநாள் இசாவோ இழைப்புளியோடு வந்து பலகையைச் சீவி, மெழுகு தடவி, ஒரு விரலால் இறக்கிக் காட்டினார். போகும்போது இரண்டு கெண்டைக் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டுப் போனார். விண்ணப்பத்தைக் கையெழுத்துப் போடாமலே இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உன்னையும் மாப்பிள்ளையையும் மாதா காக்கட்டும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. டிசம்பர் முதல் ஞாயிறு நெருங்குகிறது. ஜெபம் சொல்லும்போது என் தொண்டைக்காகவும் ஒன்று சொல்.

உன் அம்மா,
தொகிகோ