மூன்றாவது வேகம்

மார்ச் 3, செவ்வாய்

அம்மாவின் இருமலுக்கு மருந்தை மாற்றி எழுதிக்கொண்டே டாக்டர் கேட்டார்: "சமையலறையில சிம்னி இருக்கா?" இல்லை என்றேன். "முதல்ல அதை வைங்க. புகையிலயே நின்னுக்கிட்டு என்ன மருந்து சாப்பிட்டாலும் பிரயோஜனமில்லை."

வெளியே வந்ததும் அம்மா, "இத்தனை வருஷம் இல்லாத புகை இப்பத்தான் வந்துதாக்கும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் எதையும் படித்துப் பார்த்துச் செய்கிறவள் நான்தானே.

மார்ச் 5, வியாழன்

திருத்த வேண்டிய பக்கங்களை அலுவலக மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு சிம்னிகளைப் பற்றிப் படித்தேன். வலை வடிகட்டியா, தகடு வடிகட்டியா? புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளுவதா, கரியில் வடித்து வீட்டுக்குள்ளேயே திருப்பி விடுவதா? ஒருவர் சத்தமே இல்லை என்கிறார். அதையே வாங்கிய இன்னொருவர், வீட்டுக்குள் விமானம் இறங்குகிறது என்கிறார். இரண்டு பேருக்கும் காது இருக்கத்தானே செய்யும்?

படித்தால் தெளியும் என்று நம்பித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். இது படிக்கப் படிக்கக் கலங்குகிறது.

மார்ச் 7, சனி

மூவரும் கடைக்குப் போனோம். விற்பனையாளர் ஒரு தாளைச் சிம்னிக்கு அடியில் நீட்டினார். அது மேலே போய் ஒட்டிக்கொண்டது. பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா, "நாங்க வீட்ல காகிதம் வறுக்கறதில்லையே" என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எதைக் காட்டினாலும் அப்பாவுக்கு ஒரு குறை. கண்ணாடி வைத்தது உடையும். கறுப்பில் தூசி தெரியும். சாய்ந்த மாதிரி இருப்பது, "இப்பவே விழப் போற மாதிரி நிக்குது." கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் நிஜமாகக் கேட்டார்: "இது ஓடறப்ப பேசினா கேக்குமா?"

"முதல் வேகத்துல தாராளமா பேசலாம் சார். மூணாவதுல கொஞ்சம் கத்தணும்."

அப்பா வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வெறுங்கையோடு திரும்பினோம். அப்பாவுக்கு என்னதான் பிரச்சினை? செலவா, பிடிவாதமா?

மார்ச் 8, ஞாயிறு

எதை வாங்கினாலும் அளவு வேண்டுமே என்று நான் சொல்லியிருந்ததால் கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். எங்கள் அடுப்புக்கு மேலே சுவரில் சதுரமாக ஒரு திறப்பு இருக்கிறது. கூடத்துக்குப் பாத்திரங்களை நீட்டுவதற்காகக் கட்டும்போதே விட்டது. அதை அடைத்துவிட்டு அந்த இடத்தில்தான் சிம்னியை மாட்ட முடியுமாம். அடுப்பை நகர்த்தலாமா என்றேன். "கேஸ் குழாய், மேடைக் கல்லு, எல்லாத்தையும் உடைக்கணும்மா."

அப்பா பேப்பரை மடித்தார். "அப்ப வேணாம்" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் எழுந்த நாற்காலியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. திறப்புக்கு அந்தப் பக்கம் அது எப்போதும் ஒரே இடத்தில் கிடக்கும். அப்பா அதில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். அம்மா அடுப்படியிலிருந்து பதில் சொல்வாள்.

"மழை வருமாம்."

"போன வாரமும் இதையேதான் சொன்னான்."

"உன் பேச்சைக் கேட்டுத்தான் அது வராம இருக்கு."

ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இவருக்குப் பேப்பர், அவளுக்கு வாணலி. மிளகாய் வறுத்தால் மட்டும் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தும்மல். வேறு எங்கே பேசிக்கொள்கிறார்கள்? சாப்பிடும்போது இல்லை. ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்ப்பார்கள். யோசித்துப் பார்த்தால், வேறு எங்குமே இல்லை.

மார்ச் 9, திங்கள்

போர்வை மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். அந்தத் திறப்பை அடைத்துவிடலாமா?

"அடைச்சுடேன். நாள் பூரா ரேடியோ. நிறுத்தறதுக்குக் குமிழ்கூட கிடையாது."

விளையாட்டாகச் சொன்னாளா? போர்வை முகத்தை மறைத்திருந்தது. கேட்காமலேயே இருந்திருக்கலாம் — இப்போது இன்னும் குழப்பம்.

மார்ச் 11, புதன்

சத்தம் குறைவானதெல்லாம் புகையைச் சரியாக இழுப்பதில்லை. நன்றாக இழுப்பதெல்லாம் சத்தம். எது வேண்டும் என்று யாரைக் கேட்பது?

மார்ச் 13, வெள்ளி

காலையில் இருமி இருமி அம்மா கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப் போனேன். அப்பா திறப்புக்குள் தலையை விட்டு, "தண்ணி குடி. ஏய், தண்ணியக் குடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வரலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் நன்றாக இழுக்கிற சிம்னிக்குச் சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மாட்டியாயிற்று. திறப்பைப் பலகை வைத்து அடைத்து வெள்ளை அடித்துவிட்டார்கள். வேலை முடியும்வரை வெளியே போயிருந்த அப்பா, வந்து பலகையைத் தடவிப் பார்த்தார். "நேராத்தான் அடிச்சிருக்கார்." அவ்வளவுதான்.

மார்ச் 20, வெள்ளி

அதே நாற்காலி, அதே இடம். அப்பா பலகைக்கு எதிரே உட்கார்ந்து மனசுக்குள் படிக்கிறார்.

அம்மா சிம்னியை நடுநடுவே அணைத்துவிடுகிறாள். "ஏம்மா, புகை எல்லாம் உள்ளயே நிக்குது பாரு" என்று எரிந்து விழுந்தேன். "சத்தம்" என்றாள். முதல் வேகத்தில் வையேன் என்றேன்.

சாயங்காலம் தற்செயலாகப் பார்த்தேன். அணைத்தாள். பலகைப் பக்கம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"என்னங்க, ஏதாவது சொன்னீங்களா?"

கூடத்திலிருந்து, "இல்லையே."

மறுபடி போட்டாள்.

மார்ச் 21, சனி

இருமல் குறைந்திருக்கிறது. அது நிஜம். அப்புறம் ஏன் எனக்கு இப்படி இருக்கிறது? தப்புப் பண்ணிட்டேனோ? அவங்க ரெண்டு பேரும் வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கேக்காமலா இருந்திருப்பேன்?

மார்ச் 24, செவ்வாய்

கூடத்தில் நாற்காலியைக் காணோம்.

சமையலறையில் இருந்தது. ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவே இடுக்கில் அப்பா, இடம் போதாமல் பேப்பரை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு.

"காலை மடக்குங்க. எண்ணெய் எடுக்கணும்."

"மூணாவதுல வை. கண்ணு எரியுது."

"என்ன?"

"மூணாவதுல வைன்னேன்."

"அப்ப நீங்க படிக்கறது எனக்கு எப்படிக் கேக்கும்?"

"கத்தறேன்."

ஏப்ரல் 5, ஞாயிறு

அப்பாவின் நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்து பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் சிம்னி முழு வேகத்தில் ஓடுகிறது. இருவரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். நடுவில் அம்மாவின் குரல் உடைந்து எழும்பியது. இருமலா என்று பேனாவைக் கீழே வைத்தேன். சிரிப்புதான்.

இந்த வீட்டில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்காமல் போனதே இல்லை. இன்று ஒரு வார்த்தையும் புரியவில்லை. போய் என்னவென்று கேட்கலாமா என்று எழுந்தேன்.

அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.